பூங்காவனத்தின் குடும்பப் பெயர்

இங்கே பல் மருத்துவரிடம் போனால், வரவேற்பில் இருக்கும் பெண் கதவைத் திறந்து “ஃப்ராவ் தேசப்பன்” என்று கூப்பிடுகிறாள். ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் ஒரு நொடி தாமதித்துத்தான் எழுந்திருக்கிறேன். திருமதி தேசப்பன் என்றால் அது என் அம்மா. காசிமேட்டில் மீன் விற்கும் அவளைக்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் பெயர் மகேஸ்வரி. பாஸ்போர்ட்டுக்காக முன்னெழுத்தை விரித்து எழுதியபோது, அப்பாவின் பெயர் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. இதை ஒரு சில்லறைத் தொந்தரவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், போன வருடம் வரை.

வடகடலோரத்துச் சிற்றூர் ஒன்றில், ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களை ஆராயும் நிறுவனத்தில் எனக்கு வேலை. எண்ணூர் கழிமுகம் மேடாகி வருவதைப் பற்றிய என் ஆய்வை ஆங்கிலம், ஜெர்மன், தமிழ் என்று மூன்று மொழி இதழ்களுக்கு எழுதினேன். கட்டுரைகளை எழுதி முடித்துவிட்டேன். மேற்கோள் பட்டியல்கள்தான் முடியவில்லை. ஆங்கில இதழுக்குக் குடும்பப் பெயரும் ஓர் எழுத்தும் போதும். ஜெர்மன் இதழுக்கு இரண்டு பெயரும் முழுதாக வேண்டும். தமிழில் நாம் ‘மேலது’ என்று போடும் இடத்தில் அவர்கள் ‘எபெண்டா’ என்று போடுகிறார்கள். இவற்றையெல்லாம் பொறுமை இருந்தால் மாற்றிவிடலாம். பூங்காவனம் அக்காவைத்தான் மாற்ற முடியவில்லை.

எண்ணூரில் எனக்கு ஆற்றைக் காட்டியவர் அவர். ஐம்பதை ஒட்டிய வயது. கழுத்தளவு தண்ணீரில் அமிழ்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பவர். எந்த இடம் எப்போது மேடானது என்பதை எந்தக் கருவியும் அவர் அளவுக்கு எனக்குச் சொல்லவில்லை. “தோ, இந்த எடத்துல எனக்குக் கண்ணாலம் ஆன புதுசுல கழுத்து வரிக்கும் தண்ணி. இப்ப பாரு, முட்டிகூட நனையல” என்று நின்று காட்டினார். நான் குறித்துக்கொண்டேன். கரையேறிப் புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

“ஆராய்ச்சின்னு எவ்ளோ பேரு வந்து கேட்டுகினு போறாங்கோ. ஒருத்தராச்சும் என் பேரைப் போட்டாங்களா? நீ போடுவியாமே?”

“போடுவேன்க்கா” என்றேன்.

ஜெர்மன் இதழின் பதிப்பாசிரியர் ஹெல்கா என்பவர். மேற்கோள் பட்டியலில் அக்காவின் பெயரைத் தமிழ் எழுத்திலும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அவர் அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் அழைத்து, “இந்தத் தகவலை எந்தப் பூங்காவில் சேகரித்தீர்கள்?” என்று கேட்டார். அது பூங்கா இல்லை, ஒரு பெண் என்றேன்.

“அப்படியானால் குடும்பப் பெயர்?”

“கிடையாது.”

“அடையாளத்தை மறைக்க விரும்புகிறாரா?”

“இல்லை. பெயர் வரவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.”

“பெயர் வேண்டும், ஆனால் பெயரைச் சொல்லமாட்டார். சரியா?”

ஹெல்கா கேலி செய்யவில்லை. அவருடைய மென்பொருளில் இரண்டு கட்டங்கள்; ஒன்று காலியாக இருந்தால் அது ‘ஆசிரியர் இல்லை’ என்று தானாகவே அச்சிட்டுவிடும். அன்று சாயங்காலமே எண்ணூருக்கு ஃபோன் செய்தேன்.

“உங்க அப்பா பேரு இன்னாக்கா?”

“எதுக்கு?”

விஷயத்தைச் சொன்னேன்.

“எங்கப்பன் ஹார்பர்ல மூட்டை தூக்கனவரு. ஒரு நாளு ஆத்துல எறங்கனதில்ல. அவரு பேரு எதுக்குமே இதுல?”

“வூட்டுக்காரரு பேரு?”

“அந்தாளு போயி எவ்ளோ காலம் ஆவுது. வேணாம்.” கொஞ்சம் யோசித்தார். “இங்க பூங்காவனம்னு நாலு பேரு கீறாங்கோ. முகத்துவாரம் பூங்காவனம்னு கேட்டா என் வூட்டைத்தான் காட்டுவாங்கோ. அப்டியே போட்டுடு.”

அப்படியே அனுப்பினேன். அச்சுப்படியில் ‘முகத்துவாரம், பூங்காவனம்’ என்று வந்தது. கடலும் ஆறும் சேரும் வாயே அவருக்குக் குடும்பப் பெயராகியிருந்தது. நான் திருத்தவில்லை.

ஊரில் இது எளிதாக முடியும் என்று எதிர்பார்த்தேன். சென்னையிலிருந்து தமிழ் இதழின் ஆசிரியர், ஒரு பேராசிரியர், அழைத்தார். “இவங்களைப் பின்னிணைப்புல தகவலாளர் பட்டியல்ல போட்டுடலாம்மா. பேரு, வயசு, சாதி, தொழில். சாதியை மட்டும் விட்டுட்டீங்க.”

“புத்தகம் எழுதினவங்களுக்கெல்லாம் சாதி போடறோமா சார்?”

“அது எப்படிம்மா…”

“அப்ப இவங்களுக்கும் வேணாம் சார். அவங்களோடவே சேர்த்துப் போடுங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தார்.

ஆங்கில இதழ்தான் அசையவில்லை. நேர்ப்பேச்சில் கிடைத்த தகவல் பட்டியலில் வராது, பெயரும் வெளிவரக் கூடாது, இரண்டுமே விதி. சம்மதக் கையெழுத்தை இணைத்து இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் ஒரே வரியை மிகவும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய மாதம் அது. அதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது ஆங்கிலக் கட்டுரை மட்டுமே. மூன்றாவது கடிதத்தை நான் எழுதவில்லை. பூங்காவனம் அக்கா ‘பங்கேற்பாளர் ஏழு’ ஆனார்.

அவரே ஒரு நாள் கூப்பிட்டார்.

“மூணுலயும் வந்துச்சாமே?”

“ரெண்டுல வந்துச்சுக்கா.”

“எதுல வர்ல?”

“இங்கிலீஷ்ல.”

“அதானே எல்லாரும் படிக்கறது?”

“ஆமாக்கா.”

அவருக்குப் பின்னால் ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. அது ஓய்ந்ததும் கேட்டார்.

“கேட்டுப் பாத்தியா?”

“ரெண்டு தபா கேட்டேன்.”

“மூணாந்தபா?”

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“சரி வுடு. உன் வேலைக்கு ஒண்ணும் பேஜாரு இல்லியே?”

இல்லை என்றேன். அது உண்மைதான். ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு நீண்டது.

தமிழ் இதழ் போன வாரம் தபாலில் வந்தது. என்னுடைய பழைய கட்டுரை ஒன்றையும் மூன்று இதழ்களிலும் சுட்டியிருந்தேன். தமிழில் இயற்பெயரை வைத்துத்தான் அடுக்குவார்கள். பகர வரிசை முடிந்ததும் மகரம். அதனால் கடைசிப் பக்கத்தில் பூங்காவனமும் மகேஸ்வரியும் அடுத்தடுத்த வரிகளில், மேலும் கீழுமாக நிற்கிறோம். பக்கத்தில் ஜெர்மன் இதழையும் விரித்து வைத்தேன். அதில் குடும்பப் பெயர்தான் வரிசை; நான் டி எழுத்தில், அவர் எம் எழுத்தில். இடையில் ஒன்றரைப் பக்கத்துக்கு எனக்குத் தெரியாத மனிதர்கள்.