நாலு மணிச் சிரிப்பு

சின்யோராவின் மகன் இறந்த செய்தி என் போனுக்கு வந்தபோது ரீவியில் மழை பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் மழை. அமெரிக்க வீடொன்றின் சாப்பாட்டு மேசையில், வெள்ளைத் துணியில், முழுக்கோழி வைத்த தட்டில் மழை கொட்டியது. நான் பார்த்துக்கொள்ளும் வயதான இத்தாலிய அம்மா, சின்யோரா, கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய சோபாவுக்குப் பின்னால் நின்று உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

செய்தியை அனுப்பியவர் அவருடைய மகள். இங்கே பலெர்மோவில், பொலித்தேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். "தொரினோவில் தம்பி காலையில் மாரடைப்பால் இறந்துவிட்டான். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். ஒன்றுமே சொல்ல வேண்டாம். நான் பின்னேரம் வருகிறேன்." அவ்வளவுதான். இரண்டு தரம் வாசித்தேன். அயன்பெட்டியை நிமிர்த்தி வைக்கக்கூடத் தோன்றவில்லை, சின்யோராவின் தலையணை உறையில் ஒரு கருகல் விழுந்துவிட்டது.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மனைவியை இழந்த ஓர் எஞ்சினியர். அவருடைய மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வந்திருப்பவள் மேகத்திலிருந்து இறங்கிய பெண். அவளுக்குக் கோபம் வந்தால் அவள் இருக்கும் அறையில் மழை பெய்யும். வெட்கம் வந்தால் பனிமூட்டம். எஞ்சினியரின் முதலாளி விருந்துக்கு வரும் நாளாகப் பார்த்துத்தான் அவளுக்குக் கோபம் வரும். முன்வீட்டுக்காரி யன்னலால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள், ஆனால் ஒருவரும் அவளை நம்பமாட்டார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் வீடு காய்ந்துவிடும். அடுத்த நாள் நாலு மணிக்குத் திரும்பவும் நனையும். எடுத்து எத்தனையோ வருடமான நாடகம். எல்லோரும் இத்தாலியனில் கதைப்பார்கள். பின்னால் கேட்கும் சிரிப்பை மட்டும் மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார்கள், அது அமெரிக்கச் சிரிப்பு.

எனக்கு அந்த நாடகத்தைக் கண்ணிலும் காட்டக்கூடாது. கோபம் வந்தால் மழை பெய்யுமாம். எனக்குக் கோபம் வந்த நாளெல்லாம் மழை பெய்திருந்தால் இந்தப் பலெர்மோ எப்போதோ கடலுக்குள் போயிருக்கும். அதோடு, மழைக்காரி போனபிறகு அந்த வீட்டின் நிலத்தை ஆர் துடைக்கிறது? அதை ஒருநாளும் காட்டமாட்டார்கள். இதைச் சின்யோராவிடம் கேட்டபோது அவர் நாடகத்தைவிட அதற்குக் கூடச் சிரித்தார்.

அவர் அதை விரும்பியதற்குக் காரணம் மகன். அவன் பள்ளிக்கூடம் போகும் வயதில் இதே நாடகம் வேறொரு சனலில் போனதாம். தாயும் மகனும் ஒரே சோபாவில் இருந்து பாணும் தக்காளியும் சாப்பிட்டபடி பார்ப்பார்களாம். பிறகு அவன் வடக்கே தொரினோவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே தலை நரைத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரெலிபோன் எடுப்பான். "மம்மா, மழைக்காரி என்ன செய்யிறாள்?" என்றுதான் தொடங்குவான். சின்யோராவுக்கு மறதி தொடங்கி நாலு வருடம். என் பெயர் மறந்துவிட்டது, "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். காலையில் கோப்பி குடித்தாரா என்பது மறந்துவிடும். மழைக்காரியை மறக்கவில்லை. மகனையும் மறக்கவில்லை.

அவர் கதைப்பது இத்தாலியன், கோபம் வந்தால் சிசிலியன். ஆனால் இத்தனை வருடத்தில் அது எனக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

அன்று அந்தச் செய்தியை வாசித்ததும் என் கை ரிமோட்டை எடுத்து ரீவியை நிற்பாட்டியது. யோசித்துச் செய்யவில்லை. மன்னாரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் ரேடியோவையும் ரீவியையும் நிற்பாட்டுவார்கள். பக்கத்து வீடுகளிலும் சத்தம் குறையும். முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை செத்தவீட்டில் பாட்டோ நாடகமோ கேட்காது. பிள்ளை இறந்துபோன தாயின் காதில் அந்தச் சிரிப்பு விழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. என் அம்மா மன்னாரில் இறந்தபோது என்னிடம் பெர்மெஸ்ஸோ, இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், இல்லை. இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வரமுடியாது. அன்று நான் வேறொரு வீட்டில் வேலை. அந்த வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை, சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். பகல் முழுக்க அந்த வீட்டு ரீவி சிரித்துக்கொண்டிருக்க நான் யன்னல் துடைத்தேன். அந்த வெட்கம் எனக்குள் அப்படியே கிடந்தது. இப்போதும் கிடக்கிறது.

ரீவி கறுத்ததும் சின்யோரா திரும்பிப் பார்த்தார். "ஏன் நிப்பாட்டினாய்?" என்று கேட்பார், "ரீவிக்கு ஏதோ பிழை" என்று சொல்லலாம் என்று வாய்க்குள் ஒரு பொய்யை எடுத்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

இவர்களுடைய ஊர்களிலும் இதே வழக்கம் இருந்தது எனக்குத் தெரியாது. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது, தகப்பன் இறந்த அன்று ரேடியோவின் மேல் கறுப்புத்துணி போட்டு, யன்னல் பலகைகளைச் சாத்தி வைத்தார்களாம். இதைப் பிறகுதான் மகள் சொன்னார்.

"சொல்லு பிள்ளை. என்ரை மோனோ?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண்ணை மறைக்கத் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்து அழத் தொடங்கினார். எங்கள் ஊர்ப் பெண்கள் அழுவதுபோலவே அழுதார். நான் நிலத்தில் இருந்து அவருடைய முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது அவருடைய மகனுக்காகவா, என் அம்மாவுக்காகவா என்று கேட்டால் பதில் தெரியாது.

அழுது களைத்து அவர் நித்திரையாகிவிட்டார். பின்னேரம் மகள் வந்தபோது எழும்பியிருந்தார். மகளைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி ரெலிபோன் எடுத்தவனே?" என்று கேட்டார். எல்லாம் மறந்துவிட்டது.

மகள் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் சொன்னதென்ன, நீங்கள் செய்ததென்ன? இண்டைக்கு அழுதா. மறந்திட்டா. நாளைக்குத் திரும்பச் சொன்னா, நாளைக்கும் முதல்தரம் கேக்கிறமாதிரித்தானே அழுவா? ஒவ்வொரு நாளும் அவன் புதுசாச் சாகோணுமே?"

நான் மேசையில் கிடந்த கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.

"நாலு மணிக்கு ரீவி போடவேணும். சத்தத்தோடை போடவேணும். ஞாயிற்றுக்கிழமை கேட்டா, காலமை எடுத்தவன், நீங்கள்தான் கதைச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

"அவ தாய்," என்றேன். "அவவுக்கு அழ உரிமை இல்லையோ?"

"அழுதழுதே எனக்கு அவவும் போயிடுவா," என்றார் அவர்.

அன்று வீட்டுக்குப் போய் என் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் யுனிவேர்சிட்டியில் ஊடகப் படிப்பு. பலெர்மோவின் போர்கோ வெக்கியோ பகுதியில் பிறந்து வளர்ந்தவள், தமிழைச் சிசிலியன் இழுப்போடுதான் கதைப்பாள். நான் அழ, அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். பிறகு, என்னை வேறு யோசனைக்குத் திருப்பத்தான் என்று நினைக்கிறேன், அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

"மம்மா, அமெரிக்காவிலை இதுகள் முதல் பெரிய சனலிலை கிழமைக்கு ஒண்டு போகும். நூறு எபிசோட் அளவிலை சேர்ந்தாப்பிறகு ஊர் ஊரா இருக்கிற சின்னச் சனலுகளுக்கு விப்பினம். அவை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்குப் போடுவினம். முன்னுக்குப் பின்னாவும் போடுவினம், ஒருத்தரும் கவனிக்கமாட்டினம். அதாலை கதையிலை ஒண்டும் மாறக்கூடாது. இண்டைக்கு மழை பெஞ்சா நாளைக்கு வீடு காய்ஞ்சிருக்கவேணும். காபித்தோ, விளங்குதோ?"

"அப்ப அதிலை ஒருத்தரும் சாகமாட்டினமோ?"

"எப்பிடிச் சாகிறது? நாளைக்குத் திரும்ப வரவேணுமே."

எங்கள் சனலிடம் நூறு கிடையாது என்றும் சொன்னாள். மலிவாக இருபத்துச் சொச்சம் எபிசோட்களை வாங்கி வைத்து, சனி ஞாயிறு தவிர, அதையே சுற்றிச் சுற்றிப் போடுகிறார்களாம். சின்யோரா தினமும் புதிதாகச் சிரிப்பதால் அது எனக்கும் தெரியாமலே போயிருந்தது.

அடுத்த நாள் முதல் நான் சின்யோராவின் மகள் சொன்னபடி நடந்தேன். நாலு மணிக்கு ரீவி போட்டேன். மழைக்காரி கோபப்பட்டாள், முதலாளி நனைந்தார், சின்யோரா கைதட்டினார். ரீவிக்குள் முகம் தெரியாத அந்த அமெரிக்க ஆட்கள் சிரிக்கும் இடங்களில் மட்டும் ரிமோட்டைக் குசினித் துவாய்க்குள் ஒளித்துப் பிடித்துச் சத்தத்தைக் குறைப்பேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது, "ஓம் சின்யோரா, காலமை எடுத்தவர்," என்றேன். "என்னவாம்?" என்றார். "மழைக்காரி என்ன செய்யிறாள் எண்டு கேட்டவர்," என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. அந்த மருந்துக்கடைக்காரிமேல் அதைவிடக் கோபமாக இருந்தது. பெற்ற தாயை ஏமாற்ற எப்படி மனம் வருகிறது என்று பஸ்ஸுக்குள் எல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டு வருவேன்.

ஒருநாள் அந்த மகள் நாலு மணிக்கே வந்துவிட்டார். தாயின் பக்கத்தில் இருந்து நாடகம் பார்த்தார். தாய் சிரிக்கும் இடமெல்லாம் தானும் சத்தமாகச் சிரித்தார். கன்னத்தால் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சின்யோரா திரும்பிப் பார்த்து, "என்ன, அழுகிறியோ?" என்றார். "சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணீர் வந்திட்டுது மம்மா," என்று சொல்லித் தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பியை இழந்தவர் இவரும்தானே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து திட்டுவதை விட்டேன். ஆனால் அவர் சொன்னது சரி என்று அன்றும் நினைக்கவில்லை.

முப்பத்தோராம் நாளை நான் மறக்கவில்லை. காலையில் எங்கள் தமிழ்ப் பூசையில் எங்கள் ஆட்களின் பெயர்களோடு சின்யோராவின் மகனுடைய பெயரையும் எழுதிக் கொடுத்தேன். இத்தாலியப் பெயரை வாசிக்க சுவாமியார் கொஞ்சம் தடுமாறினார். சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்து, கபோ சந்தையில் சின்யோராவுக்குக் கொஞ்சம் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நாலு மணிக்கு ரீவி போட்டேன். எஞ்சினியர் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தார். மகன் இறந்த அன்று போன எபிசோட்தான் சுற்றித் திரும்பி வந்திருந்தது. முதலாளி வந்தார், முழுக்கோழி வந்தது, மழைக்காரிக்கு முகம் கறுத்தது. தட்டில் மழை கொட்டியது. அந்த ஆட்கள் சிரித்தார்கள்.

சின்யோரா கைதட்டவில்லை. ஒரு கையை உயர்த்தினார். அன்று நான் நிற்பாட்டிய அதே இடம்.

"நிப்பாட்டு பிள்ளை."

"ஏன் சின்யோரா? உங்களுக்குப் பிடிச்சதெல்லோ?"

"நிப்பாட்டு. இது செத்தவீடு."

நான் நிற்பாட்டினேன். "ஆர் சொன்னது உங்களுக்கு?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை." கறுத்த ரீவியைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. "ஆர் எண்டு எனக்குச் சொல்லாதை," என்றார். "சும்மா இரு என்னோடை."

யன்னல் பலகைகளைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். அவர் சத்தமில்லாமல் அழுதார். நான் செபமாலையை எடுத்தேன். அவர் இத்தாலியனில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். எதையெல்லாமோ மறந்தவர் அதில் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

மகள் சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தபோது அறை இருட்டாக இருந்தது. வாசலில் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், ரீவியைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். நான் வேலை போனது என்றே நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். சின்யோரா தலையைத் திருப்பாமல் சோபாவின் மற்றப் பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

மகள் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து அதில் இருந்தார். "எந்த இடத்திலை சொல்லுறீங்கள்?" என்று என்னிடம் கேட்டார். செபமாலையில் மூன்றாவது பத்து மணி என்று சொன்னேன். அவரும் எங்களோடு சேர்ந்து சொன்னார்.