முட்டு அக்காவும் பதினாறு கட்டங்களும்

அந்த இசைக் கல்லூரியில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் முட்டு அக்கா. வயலின் மேற்படிப்பின் நுழைவுத் தேர்வுக்கு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசிப்பது அவர் வேலை. வயலின் தடுமாறினால் பியானோ ஓடிப்போய் முட்டுக் கொடுக்கும். அதனால் அந்தப் பெயர். பெயர் வைத்த மாணவர்களில் சிலருக்கு இப்போது தலையே நரைத்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே இளமையாக இருக்கிறது.

அவர் வந்தது ஒரு வாரத்துக்கு. முன்பிருந்த பியானோக்காரர் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொள்ள, நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அந்த ஒரு வாரம் இருபத்திரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நர்சரியில் பழகியதுதான் இங்கேயும் கைகொடுத்தது. முப்பது வாண்டுகள் பாட்டின் நடுவே எங்கே தாவும் என்று யாருக்குத் தெரியும்? தாவுகிற இடத்துக்குப் பியானோவும் தாவியாக வேண்டும்.

அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "நீயும் நானும் ஒரே தொழில்தான். ஓட்டறது அவங்க, பிரேக்கு நம்ம காலடியில" என்பார்.

தேர்வு விதிமுறைத் தாள் இரண்டு பக்கம். மூன்று ஸ்தாயியில் ஸ்வர வரிசை, கை கடுக்கும் பயிற்சித் துண்டுகள் இரண்டு, துணையில்லாமல் தனியாக ஒன்று, கண்ணால் பார்த்திராத தாளை அந்த நிமிடமே வாசிப்பது. எல்லாம் முடிந்த பிறகு கான்செர்ட்டோ என்கிற நீண்ட மேற்கத்திய உருப்படி ஒன்றின் முதல் பாகம், பியானோவோடு, மனப்பாடமாக. இசைத்தாளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். மனப்பாடம் பிசகி எட்டுக் கட்டத்துக்கு மேல் விட்டுப்போனால் தலைமை நடுவர் மணியடிப்பார். வந்த வழியே வீட்டுக்குப் போகலாம்.

சென்ற ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் கல்லூரி முதல்வர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தலைமை நடுவரும் அவர்தான்.

"உங்க கூட வாசிச்சா எல்லாரும் பாஸ் ஆகறாங்க. வகுப்புக்கு வந்தப்புறம்தான் பாதிப் பேரோட லட்சணம் தெரியுது."

"நான் என்ன சார் பண்ணேன்? கூடப் போனேன், அவ்வளவுதான்."

"அதைத்தான் வேணாங்கறேன். தாள்ல இருக்கறதை வாசிங்க. அவங்க விழுந்தா விழட்டும். இந்தத் தடவை ஒரே ஒரு கட்டம் தாவினாலும் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில ஸ்பீக்கர்தான் உக்காரும். பதிவு பண்ண பியானோ. பட்டனைத் தட்டினா போதும், தாவவே தாவாது."

அக்கா தலையாட்டிவிட்டு வந்தார். அந்த நாற்காலியை விட்டால் அவருக்கு மறுபடியும் நர்சரிதான். ஐம்பது வயதில் முப்பது வாண்டுகளை நினைத்தபோதே அவருக்கு இடுப்பு வலித்தது.

இரண்டாம் நாள், பதினேழாவதாக வந்தவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண். வயது முப்பத்தொன்று. முப்பத்திரண்டு ஆகிவிட்டால் விண்ணப்பமே போட முடியாது. ஒத்திகைக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் அக்கா ஒரே இடத்தில்தான் நிறுத்தினார்.

"இந்த நாலு ஸ்வரம் ரெண்டு தடவை வருது பாரு. முதல் தடவை மேல ஏறணும். பதினாறு கட்டம் கழிச்சு வர்றப்ப கீழ இறங்கணும். மாத்திராத."

"அந்த இடத்துலதாங்க்கா எனக்கு எப்பவும் குழம்புது."

"குழம்பட்டும். கை குழம்பாம இருந்தா சரி."

தேர்வு அறையில் நீள மேசை. நடுவில் முதல்வர், பக்கத்தில் மணி. வலப்பக்கம் வெளியூர்ப் பேராசிரியர், இடப்பக்கம் மூத்த ஆசிரியை. மூவர் முன்னாலும் ஆளுக்கொரு இசைத்தாள். டிக்கெட் பெண் ஸ்வர வரிசையைச் சுத்தமாக வாசித்தார். தெரியாத தாளை, வரிசையில் நிற்கும் கூட்டத்தைச் சமாளிக்கிற மாதிரி, அசராமல் கடந்தார். கான்செர்ட்டோ தொடங்கியது.

அந்த நாலு ஸ்வரம் வந்தது. முதல் தடவை. மேலே ஏற வேண்டிய வயலின் கீழே இறங்கியது.

பதினாறு கட்டம் காலி. அக்காவின் கண்முன் ஸ்பீக்கர் ஒரு கணம் வந்து நின்றது. தாளில் இருப்பதை வாசித்தால் அடுத்த நொடி வயலினும் பியானோவும் மோதிக்கொள்ளும், மணி அடிக்கும், நாற்காலி தப்பும். அவர் முடிவெடுப்பதற்குள் விரல்கள் முடிவெடுத்துவிட்டன. அடுத்த அடி விழுந்தபோது பியானோ பதினாறு கட்டம் தள்ளி, அந்தப் பெண்ணின் தோளோடு தோளாக நடந்துகொண்டிருந்தது.

இனி மணிதான் என்று அக்கா ஓரக்கண்ணால் மேசையைப் பார்த்தார்.

முதல்வரின் விரல் தாளின் மேல் நின்றுபோயிருந்தது. காதில் கேட்பது தாளில் இல்லை. ஆனால் பியானோவும் வயலினும் பிசிறில்லாமல் சேர்ந்து போகின்றன. இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டதோ என்று எச்சில் தொட்டுத் தாளின் ஓரத்தைத் தேய்த்தார். ஒட்டவில்லை. மெதுவாகப் பேராசிரியரின் தாளை எட்டிப் பார்த்தார். அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துப் படக்கென்று ஒரு பக்கத்தைப் புரட்டினார். அவர் புரட்டியதைப் பார்த்து முதல்வரும் புரட்டினார். இருவரும் புரட்டியதைப் பார்த்த மூத்த ஆசிரியை, சரியான பக்கத்தில் இருந்த ஒரே ஆள், பதறிப்போய்த் தானும் புரட்டினார். பிறகு மூவரும் பாகம் முடியும்வரை கம்பீரமாகத் தலையசைத்தார்கள். மணி தேமே என்று கிடந்தது.

தேநீர் இடைவேளையில் பேராசிரியர் நைசாக அக்காவிடம் வந்தார். "அந்தப் பொண்ணு எந்தப் பதிப்பும்மா வாசிச்சுது?"

"நல்ல பதிப்பு சார்."

"அதானே பார்த்தேன்" என்று அவர் நிம்மதியாக பிஸ்கட் எடுத்தார்.

முதல்வர் அவ்வளவு லேசில் விடவில்லை. ஆளில்லாத மாடிப்படியில் மடக்கினார்.

"உண்மையைச் சொல்லுங்க. தாவினீங்களா?"

"சார், தாள் உங்க கையில, மணியும் உங்க கையில. தாவியிருந்தா நீங்க அடிச்சிருக்க மாட்டீங்களா?"

முதல்வர் விறுவிறுவென்று படியிறங்கினார். பியானோ தாவியது என்று சொன்னால், மூன்று நடுவர்களும் இடத்தைத் தொலைத்துவிட்டு முழித்தார்கள் என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாலையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலில் டிக்கெட் பெண் நான்காவதாக இருந்தார்.

அவர் கண் கலங்க ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்தார். "அக்கா, நான் எவ்வளவு விட்டேன்?"

"பதினாறு. அழுதது போதும், வயலினை எடு. விட்டதை இப்ப வாசிச்சுக் காட்டிட்டுப் போ. பாதியில விட்டுட்டு வந்தது எனக்கு உடம்பெல்லாம் அரிக்குது."

ஒத்திகை அறையில் இருவரும் அந்தப் பதினாறு கட்டத்தை மட்டும் வாசித்தார்கள். பெண் ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிக் கட்டத்தில் கதவு திறந்தது. முதல்வர் நின்றிருந்தார், வலது கை விரல்கள் ஏதோ எண்ணி மடங்கியிருந்தன.

"இது எந்தப் பதிப்புல இருக்கு?" என்று கேட்டார்.

"எல்லாத்துலயும் இருக்கு சார்."

அவர் அக்காவைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

இந்த ஆண்டுக்கான விதிமுறைத் தாள் போன வாரம் வந்தது. ஸ்பீக்கரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பியானோ, வழக்கம்போல அக்காதான். புதிதாக ஒரே ஒரு விதி சேர்ந்திருக்கிறது: இனி நடுவர்களுக்குப் பக்கம் புரட்டிக்கொடுக்க ஓர் ஆள் நியமிக்கப்படுவார்.