கோர்லிஸ் கேட்டு வாங்கிய திருத்தம்

எங்கள் ஹானர்ஸ் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே கோர்லிஸ் ஸ்டாம்பர் கூடப் படித்த ஒருத்தனின் உதட்டைக் கிழித்தாள். அவளுடைய கென்டக்கி மலைப்பக்கத்துப் பேச்சை அவன் கேலி செய்தான். அவள் கையிலிருந்த காபிக் கோப்பை பறந்தது. விசாரித்தது எங்கள் மாணவர் குழு. தையல் போட்ட வாயோடு அவனே சொன்னான்: "நானும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். அவளை அனுப்பிடாதீங்கப்பா."

எங்கள் கல்லூரியின் கொள்கை ஒன்றுதான்: யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். அடி பதிலாகாது. "முடியுமா உன்னால?" என்று கேட்டோம். "பழக்கமில்ல. பாக்குறேன்" என்றாள்.

பழக்கம் எப்படி இருக்கும்? அவள் அப்பன் வர்ஜில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்ததும் பெல்ட்டைக் கழற்றுவான். பெல்ட் கிடைக்காவிட்டால் மண்வெட்டிக் காம்பு. ஒன்பது வயதில் அவள் தோள்பட்டை இறங்கியது. அதே வருடம் அம்மா ஓபல் செத்தாள். படியிலிருந்து விழுந்தாள் என்று ஊரே சொன்னது. பிறகு கோழி வெட்டும் ஆலையில் கத்தி பிடித்து, இருபத்துநாலு வயதில்தான் கோர்லிஸ் எங்களிடம் வந்தாள். என் அறைத்தோழி. தூக்கத்தில்கூட முஷ்டியை மடக்கியே வைத்திருப்பாள்.

கடைசி வருடம் அவள் எழுதிய ஆய்வேடு "விழுந்துட்டேன்" என்று சொல்லும் பெண்களைப் பற்றியது. முதல் அத்தியாயம் அவள் அம்மா. அம்மாவை அப்பன் அடித்துக் கொன்றபோது, சமையலறைக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்து நின்றது அண்ணன் டூயி. அப்போது அவனுக்குப் பதினாலு வயது. அதையும் எழுதியிருந்தாள். அது தெரிந்து டூயி போனில் கத்தினான்: "அதை வாசிச்சே, உன் பல்லு ஒண்ணும் மிஞ்சாது!" அத்தியாயத்தை எடுத்துவிடலாமே என்று டீன்கூட மெல்லக் கேட்டுப் பார்த்தார். "எடுத்தா அம்மா மறுபடியும் விழுந்தவளாயிடுவா சார்" என்றாள் கோர்லிஸ்.

ஆய்வேட்டை வாசித்துப் பதில் சொல்லும் எங்கள் வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம், யாரும் கேட்கலாம். டூயி வந்தான். கரி ஒட்டின பூட்ஸோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவள் அம்மாவின் பெயரை வாசித்ததும் நாற்காலியைத் தூக்கி வீசினான். அது தேர்வுக் குழுவில் இருந்த பெண் பேராசிரியர் வூர்ஹீஸின் நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டியது. தடுக்கப்போன பையனை மேசைமேல் மோதித் தள்ளினான். அடுத்த அடி கோர்லிஸுக்கு. பல் தெறித்து என் காலடியில் விழுந்தது.

அவள் முஷ்டி எழுந்தது. அவள் அடித்தால் அவன் மூக்கு மிஞ்சாது, எனக்குத் தெரியும். முஷ்டி அப்படியே நின்றது. மெதுவாக விரித்தாள்.

"கேளு டூயி" என்றாள், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "இங்க யார் வேணா கேக்கலாம்."

"கதவைப் பிடிச்சது யாருன்னு எழுதியிருக்கே?"

"நீ. அப்பன் பிடிக்கச் சொன்னான், நீ பிடிச்சே."

"அப்பன் சொல்லலடி!" அவன் குரல் உடைந்தது. "நீ வெளிய நின்னுக்கிட்டு உள்ள போகணும்னு என் கையைக் கடிச்சே. விட்டிருந்தா உன்னையும் கொன்னுருப்பான்!"

காவலர்கள் ஓடி வந்து அவனைத் தரையில் அமுக்கினார்கள். முழங்கால் முதுகில் ஏற, விலங்கு பூட்டினார்கள். இழுத்துப் போகும்போதும் அவன் அவளையே பார்த்தான்.

நெற்றியில் கைக்குட்டையை அழுத்தியபடி வூர்ஹீஸ் அம்மா கேட்டார்: "இன்னொரு நாள் வச்சுக்கலாமாம்மா?"

"வேண்டாம் மேடம். முடிச்சிடுறேன்."

முடித்தாள், வாய் வீங்கி, பாதி வார்த்தை குழறி. தேர்வுக் குழு ஒரே குரலில் தேர்ச்சி என்றது. நான் அழுதேன், வெட்கமே இல்லாமல். ஆனால் அவள் உட்காரவில்லை.

"தேர்ச்சி இப்ப வேண்டாம். திருத்தம் தேவைன்னு போடுங்க."

"எதைத் திருத்தணும்?" என்று கேட்டார் வூர்ஹீஸ் அம்மா.

"கடிச்சது எனக்கு ஞாபகமில்ல. அவன் சொல்றது நெசமா, பொய்யான்னும் தெரியாது. ஆனா சொன்னான். அவன் சொன்னதும் அதுல வரணும்."

"உன்னை அடிச்சவன் சொன்னதா?" என்றேன் நான், தாங்காமல்.

"ஆமாடி. அவன் அடிச்சதும் அதுல வரும்."

மறுநாள் காலை, தையல் போட்ட வாயோடு, மாவட்டச் சிறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள், மிச்சத்தை அவனிடமே கேட்க.