கழற்றாத வயர்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் தயாளினியின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நடந்தது நடந்ததுதான். ஓர்ஸ் ஹில்லில், பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நில அளவையாளர் சோமசேகரத்தின் அலுவலகத்தில் அவள்தான் எல்லாம். அவர் ஆயுள் முழுக்க வரைந்த காணிப் படங்கள் அங்கே ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. போரில் காணி உறுதிப் பத்திரம் தொலைத்த சனங்களுக்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. கம்ப்யூட்டரை அப்படியே முழுதாகப் பிரதி எடுத்து, வேறொரு டிஸ்கில் வைத்துத் தந்தவன் கம்ப்யூட்டர் திருத்தும் கஜீபன். அவளுக்குக் கூடப்பிறக்காத தம்பி.

"திருப்பிப் போட்டுப் பாக்காத பேக்கப்பை நம்பாதேங்கோ அக்கா" என்பான். அந்தப் பிரதியைப் புது டிஸ்க் ஒன்றில் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன், படங்கள் இருக்கும் பழைய டிஸ்கின் வயரைக் கழற்றிவிட வேண்டும். கை தவறி அதை அழித்துவிடக் கூடாதே! எல்லாம் அவன் சொல்லித் தந்த பாடம்.

அன்று சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. கஜீபனைக் காணவில்லை. பொறுமை இழந்து அவளே கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து புது டிஸ்கைப் பொருத்தினாள். பழைய டிஸ்கின் வயரில் கை வைத்தாள்.

போன் அடித்தது. கஜீபன்.

"தொடங்குங்கோ. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ."

"எங்க நிக்கிறாய்? வாறனெண்டாய்?"

போனில் தண்ணீர்ச் சத்தம். சளக்... சளக்...

"பழைய டிஸ்கைக் கழற்றட்டோ?"

"தேவையில்லை. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

எங்கிருந்து பார்க்கிறான்? அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். வாய்க்கு வாய் அக்கா என்பவன், இன்று ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லை. ஆனால் குரல் அவனுடையதுதான். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பிரதியை எதில் போடுவதென்று திரை கேட்டது. பழையதும் புதியதுமாக இரண்டு டிஸ்குகள். ஒரே அளவு.

"முதலாவது."

"அது பழசெல்லோ?"

"முதலாவது."

அழுத்தினாள்.

கோடு நகர்ந்தது... பாதியில் நின்றது. பிரதி பழுது என்றது திரை.

அதற்குள் பழைய டிஸ்கில் இருந்த காணிப் படங்கள் எல்லாம் அழிந்திருந்தன.

"கஜீபன்! என்னடா செய்ய வச்சனீ?"

சளக்... சளக்...

"முடிஞ்சுது."

அழுகையும் ஆத்திரமுமாகக் கப்பல்துறையில் உள்ள அவன் வீட்டுக்கு ஓட்டோ பிடித்தாள். தம்பி என்று சோறு போட்டதற்கு இதுவா கைம்மாறு? உண்ட வீட்டுக்கு இரண்டகம்! முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்றுதான் போனாள்.

முற்றம் முழுக்கச் சனம். அவன் மனைவி கீர்த்தனி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"ராத்திரி தூண்டில் போடப் போனவர் அக்கா. வள்ளம் கவிழ்ந்திட்டுது. விடியத்தான் பிரேதத்தை எடுத்தவை..."

தயாளினி அவள் கையைப் பற்றினாள்.

"அவன்ர... போன்?"

"அது கடலுக்குள்ள போயிட்டுது. கிடைக்கேல்லை." கீர்த்தனி விம்மினாள். "போகேக்க ஒண்டு சொன்னவர். நான்தான் உங்களுக்குச் சொல்ல மறந்திட்டன்."

"என்ன?"

"பேக்கப்பில சந்தேகமாம். தான் நேர வராம கம்ப்யூட்டரைத் தொடவேண்டாமெண்டு தயா அக்காட்டைச் சொல்லச் சொன்னவர். போனில ஆர் சொன்னாலும் கேக்க வேண்டாமாம்."

செத்த வீட்டுக்கு வந்தவள், அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள்.