விலகியதும் இறங்கியதும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதப் போகிற நாம் எல்லோரும், பேரும் வயதும் கேட்டால் போதும் என்று நினைத்துத்தான் வேலைக்குச் சேருகிறோம். மலைமேல் அது நடக்காது. கல்லூரியில் படித்தவள் என்று தெரிந்துவிட்டால், திருப்பத்தூரில் எடுத்த ஸ்கேன் அறிக்கைகூட முதலில் நம் மேஜைக்குத்தான் வரும். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும்.

உதை வைத்தியம்

வெள்ளையன் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி காசியம்மா. டிஸ்க் விலகியிருப்பதாக அறிக்கை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது, அது கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்றேன். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்றார் அண்ணன். இரண்டு சாமை அரிசி அளவு என்றேன்.

ஸ்கேனுக்கு முன்பே, பிறக்கும்போது கால் முன்னால் வந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, முதுகில் உதை வாங்கியிருக்கிறார். பிடிப்புக்கு இங்கே அதுதான் முதல் வைத்தியம். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: "அவன் ஒதைச்ச எடம் இதுல தெரியுதா பாப்பா?"

இடுப்பு வலி

சுமை தூக்கக் கூடாது, ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அண்ணன் அப்படியே கடைப்பிடித்தார். அடுத்த மாதம் மாத்திரை வாங்கக் காசியம்மாதான் வந்தார். புளி மூட்டை, விறகு, தண்ணீர்க் குடம் எல்லாம் இப்போது அவர் தலையில். மேஜைமேல் குனிந்து, கீழே ஏதோ இறங்கி வருகிறது, உட்கார்ந்தால் தட்டுப்படுகிறது என்று கிசுகிசுத்தார்.

கருப்பை இறக்கம். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பின்னால் வரிசை நிறைய ஆண்கள். தலையைத் தூக்காமல் 'இடுப்பு வலி' என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டைப் பார்த்து டாக்டர் தைலம் கொடுத்தார். போகும்போது அவர் நிம்மதியாகச் சொன்னார்: "டாக்டரு தொட்டுக்கூட பாக்கல கண்ணு. பெருசா ஒண்ணும் இல்ல போல கீது."

நீயே சொல்லு

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் செவிலியர் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டினார். பிறகு காசியம்மாவை வரவழைத்துத் திரைக்குப் பின்னால் பரிசோதித்தார். ஆபரேஷன் செய்யணும், அதுவரை ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார். கூட வந்த வெள்ளையன் அண்ணன் பதறினார். "புளி உலுக்குற நேரத்துல இவளும் படுத்துகினா வூட்ட யாருங்க பாக்கறது?"

அக்கா வாய் திறப்பதற்குள் காசியம்மா திரும்பினார். "முதுகுல துளியூண்டு வெலகுனதுக்கு நீ ஒரு மாசமா படுத்துகினு கீற. எனுக்கு கர்ப்பப்பையே வெளிய வந்துட்ச்சி. நான் எத்தினி நாளு படுக்கணும், நீயே சொல்லு."

ஆபரேஷன் முடிந்து காசியம்மா படுத்திருக்கிறார், வெள்ளையன் அண்ணன் குனியாமல் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், நான் மட்டும் நோயின் பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.