குர்பான் கத்தி

உஸ்தாத், என் கூட்டாளியின் கையை வெட்டியது நீங்கள். அவன் கைகால் முகம் கழுவிச் சுத்தமாகிற ஒழு இல்லாமல் வந்ததால்தான் கத்தி ஏறியது என்று ஊருக்குச் சொன்னதும் நீங்கள். அது பொய்.

நான் பத்து வயதில் அடிக்கப் பழகினேன். சாய்ந்தமருதுக் கடற்கரையில் என் மூக்கை உடைத்தார்கள், அதனால் பழகினேன். முதலில் கம்பு, பிறகு கல்முனையில் கராத்தே. இருபது வயதில் ஒருவனை, அவன் விழுந்த பிறகும் நெஞ்சில் மிதித்தேன். அவன் “உம்மா” என்று கத்தியது காதைவிட்டுப் போகவில்லை. இந்தக் கைக்கும் காலுக்கும் ஒரு கடிவாளம் வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன். சீனடிச் சண்டைப் பயிற்சியும் அல்லாஹ்வின் பேரை ஓதுகிற திக்ரும் ஒன்று என்றீர்கள். பதினெட்டு வருடம் நம்பினேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் உங்கள் வீட்டு வளவில் கத்தி விளையாட்டு நடக்கும். திக்ர் ஓதுகிறவன் கையை நீட்டுவான், நீங்கள் வெட்டுவீர்கள், தோலில் கோடு மட்டும் விழும். சனம் “அல்லாஹு அக்பர்” என்று தக்பீர் சொல்லும். அந்தக் கத்தியின் நுனியில் நாலு விரல்தான் கூர். அந்த நுனியால் பப்பாசிக்காயைப் பிளந்து காட்டுவீர்கள். மிச்சம் மொட்டை, கையில் படுவது அதுதான். துடைத்து வைக்கிற எனக்கு அது தெரியும். சனத்துக்கு ஈமான் கூடட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

குர்பானுக்கு மாடறுக்கிற கத்திக்கும் அதே பிடி, அதே நீளம். அவன் கை வெட்டுப்பட்ட வருடம் அதை முழுதாகத் தீட்டி, குர்பான் முடிந்ததும் கழுவி, இரண்டையும் ஒரே சாக்கில் சுற்றி வைத்தேன். அது என் பிழை. பார்க்காமல் எடுத்தது உங்கள் பிழை.

கத்தி என் கூட்டாளியின் கை எலும்பில் போய் நின்றது. இரத்தம் உங்கள் சட்டையில் பீறியது. அவனுடைய விரல்கள் தொங்கின.

“உஸ்தாத், வெட்டிட்டுதே,” என்றான், தான் ஏதோ குற்றம் செய்தவன் போல.

“ஒழு முறிஞ்சிரிக்கும் மனே. உண்மையச் சொல்லு,” என்றீர்கள், எல்லாருக்கும் கேட்கும்படி.

என் காதில் மட்டும் சொன்னீர்கள்: “ஆஸ்பத்திரில தகரம் வெட்டினதெண்டு சொல்லு.”

அப்படியே சொன்னேன். டொக்டர் காயத்தைப் பார்த்தார். “நல்லாத் தீட்டின தகரம் போல,” என்றார்.

அவன் மேசன் வேலைக்காரன். இப்போது கரண்டி பிடிக்க முடியாது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். தேத்தண்ணிக் கடையில், “தள்ளி இரிங்க, ஒழு இல்லாதவர் வாறார்,” என்று சிரிக்கிறார்கள். அவன் பள்ளிவாசலுக்கு வருவதை விட்டுவிட்டான்.

கத்தி விளையாட்டு நடந்த அன்று பள்ளி ஹவுள் தொட்டியில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து ஒழு செய்தவன் நான். அவன் கால் கழுவி முடிக்கும் வரை பார்த்திருந்தேன். போன கிழமை அவனே என்னிடம் கேட்டான்:

“நான் ஒழு செஞ்சதானே மச்சான்? எனக்கே இப்ப சந்தேகமா இரிக்கு.”

அன்றைக்கே இரும்புக் கம்பியோடு உங்கள் கேற் வரை வந்தேன். தாடை எந்த இடத்தில் உடையும் என்று எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள்தான். கம்பியைத் தெருவோரக் கானுக்குள் எறிந்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

என் பொய்யை இங்கே சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், சனம் கலையுமுன், பள்ளி முற்றத்தில் அவனைப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்லுங்கள்: நீங்கள் எந்தக் கத்தியால் வெட்டினீர்கள்?