வினைச்சொற்களில் ஒரு ஜனாதிபதி

கோட்-டெ-நெய்ஜ் என்ற, குடியேறிகள் நிறைந்த நகரப் பகுதியில், புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வக்கீல். ஐம்பது வயதிருக்கும். எவ்வளவு பனி கொட்டினாலும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் வருவார்.

ஆசிரியை எந்த வினைச்சொல்லைக் கொடுத்தாலும், நூற்றைம்பது வருடங்களுக்கு முன் தன் நாட்டை ஆண்ட ஒரு ஜனாதிபதியை வைத்தே அவர் வாக்கியம் எழுதுவார். ‘ஜனாதிபதி தேர்தலில் வென்றார்.’ ‘ஜனாதிபதி அடிமைகளை விடுவித்தார்.’ ‘தளபதிகள் ஜனாதிபதியைத் துரத்தினார்கள்.’ இறந்தகாலம் படித்து முடிப்பதற்குள் அந்த ஜனாதிபதியின் அரசியல் வாழ்க்கை முழுவதும் எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

ஒருநாள் இடைவேளையில், எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் அவரிடம் கேட்டேன்.

“எப்பவோ செத்த மனுசனைப் பற்றியே ஏன் எழுதுறியள்?”

“உயிரோட இருக்கிற ஜனாதிபதியைப் பற்றி ஒருக்காப் பேப்பரில எழுதினன். அதாலதான் இஞ்ச இருக்கிறன்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் ஏன் எப்பவும் மழையையும் பனியையும் பற்றியே எழுதுறியள்?” என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்துப் போரிலிருந்து தப்பி வந்த நான் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. மணி அடிக்கும் முன்பே வகுப்புக்குள் போய்விட்டேன்.

அவரிடம் இருந்தது பயமா, துணிச்சலா என்று இன்றும் யோசிக்கிறேன். என்னிடம் இருந்தது எதுவென்று எனக்குத் தெரியும்.